ரெமிட்டன்ஸ் என்பதற்குப் ‘பணவனுப்பல்’ போதுமா, ‘ஊரனுப்பு’ வேண்டுமா?

கலைச்சொற் குழுவினர் அனைவருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

மானிடப் புவியியலுக்கும் பொருளாதார வளர்ச்சிக்குமான முதலாண்டுச் சொற்பட்டியலில் பெரும்பாலான சொற்கள் தகராறின்றி நிறைவேறிவிட்டன. உந்து காரணி, ஈர்ப்புக் காரணி, சங்கிலிப் பெயர்வு, மையம், விளிம்பு, தொலைவுத் தேய்வு ஆகியவற்றில் இனிப் பேச ஒன்றுமில்லை. எஞ்சி நிற்பது, பிழைக்கப் போனவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் குறிக்கும் ரெமிட்டன்ஸ் ஒன்றுதான். யாழ்ப்பாணத்து நண்பர் ‘பணவனுப்பல்’ என்றும், தேவகோட்டை ஐயா ‘உண்டியல்’ என்றும், கோவை அம்மையார் ‘அயல்வரவு’ என்றும், சென்னை நண்பர் ‘அனுப்புதொகை’ என்றும் முன்மொழிந்திருக்கிறார்கள். நான்கையும் எடைபோட்ட பிறகும் புவியியல் பாடத்துக்கு ‘ஊரனுப்பு’ என்ற சொல்லே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதால், அதற்கான காரணங்களைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். வங்கியில் ரெமிட்டன்ஸ் என்ற சொல், யார் யாருக்கு எதற்காக அனுப்பினாலும், பணம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதை எல்லாம் குறிக்கும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் திட்டத்தின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணமும், சுற்றுலாச் செலவும், அங்கே பங்கு வாங்கும் முதலீடும் அதில் அடங்கும். புவியியலாளர் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஓர் ஆள் பிழைப்புக்காக வேறிடம் போயிருக்க வேண்டும், அவர் விட்டுவந்த குடும்பம் ஒன்று ஊரில் இருக்க வேண்டும், அவர் அனுப்புவது கடனாகவோ சரக்கின் விலையாகவோ இல்லாமல் அந்தக் குடும்பத்தின் வாழ்வுக்காகப் போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் நாம் தேடும் கருத்து இருக்கிறது. ஆகவே வங்கியின் பொதுப்பொருளுக்கு ஒரு சொல்லும், இந்தக் குறுகிய பொருளுக்கு வேறொரு சொல்லும் வைத்துக்கொள்வதே நல்லது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தாத்தா பர்மாவின் ரெங்கூனில் ஒரு வட்டிக்கடையில் சமையல்காரராக இருந்தார். கடை முதலாளியின் வீடு எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பெரிய வீடு என்றுதான் இன்றும் சொல்கிறோம். கடைக்குப் போகும் மேலாளுக்கு மூன்றாண்டுத் தவணை. அதே தவணைக்கே தாத்தாவும் போய் வந்தார். மாதந்தோறும் அப்பத்தா பெரிய வீட்டு முகப்புக்குப் போய், தூணோரம் நின்று, கணக்குப்பிள்ளையிடம் பணம் வாங்கி வருவாராம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டார் அனுமதியோடு பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை என் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். நீளவாக்கில் தைத்த புத்தகம். தலையில் பிள்ளையார் சுழி, உள்ளே தமிழ் எண்கள், மை பழுப்பேறிக் கிடக்கிறது. ஒரே பக்கத்தில் மேலே ரெங்கூன் கடை ஆதாயம் என்று ஒரு பெரிய வரவும், நான்கைந்து வரிக்குக் கீழே ரெங்கூன் சமையல் ஆள் வீட்டுக்குக் கொடுத்தது என்று ஒரு சிறிய பற்றும் எழுதியிருந்தன. தாத்தாவின் பெயர்கூட இல்லை. ஆனாலும் அது அப்பத்தா கையில் வாங்கிய பணம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த இரண்டு வரிகளும் ஒரே ஊரிலிருந்து ஒரே கடையின் வழியாக வந்த பணத்தைப் பற்றியவை. ஆனால் பொருளியலில் அவை இரண்டு வெவ்வேறு இனம். இன்றைய விதிகளை அன்றைய கணக்கின்மேல் வைத்துப் பார்த்தால், ஊரில் இருக்கும் முதலாளிக்கு அங்குள்ள கடை ஈட்டித் தரும் ஆதாயம் முதலீட்டு வருமானம். அது மொத்த தேசிய வருமானத்தில் சேரும். ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்ட சமையல்காரர் அந்நாட்டில் வசிப்பவராகக் கொள்ளப்படுவார். அவர் மனைவிக்கு அனுப்பும் பணம் தனிநபர் மாற்றம் என்ற தலைப்பில் போய், தேசிய வருமானத்தில் சேராமல், அதற்கு அடுத்த கட்டமான செலவிடத்தக்க வருமானத்தில்தான் தென்படும். ஓராண்டுக்குள் திரும்பிவிடும் பருவகாலத் தொழிலாளி ஈட்டும் கூலியோ தேசிய வருமானத்திலேயே இடம்பெறும். பன்னாட்டுப் புள்ளிவிவரங்களில் ரெமிட்டன்ஸ் என்று அச்சிடப்படும் எண், தனிநபர் மாற்றத்தையும் இந்தக் குறுகிய காலத் தொழிலாளரின் ஊதியத்தையும் கூட்டியது. 2022-இல் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் 11,100 கோடி டாலர் என்பது இந்தக் கூட்டுத்தொகைதான். மூன்றுமே உள்நாட்டு உற்பத்தியில் சேராதவை என்பதை மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். முதலாளியின் ஆதாயம் ரெமிட்டன்ஸில் சேராது என்பதைத்தான் செட்டிநாட்டு மாணவர்களுக்கு விளக்குவது கடினமாக இருக்கிறது. ஏனென்றால் இங்கே வெளிநாட்டுப் பணம் என்றதும் அவர்கள் கண்முன் வருவது பெரிய வீடுதான்.

எனவே நமக்குத் தேவை ஒரு சொல் அன்று, ஒரு சோடி. முதலாளியின் பணத்துக்கு ‘ஆதாய மீள்வரவு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அதில் யாருக்கும் பெரிய மறுப்பு இராது என்று நினைப்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

‘அயல்வரவு’ அழகான சொல். ஆனால் 1937 அதைத் தோற்கடித்துவிடுகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றுதான் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை ரெங்கூன் ஒரு மாகாணத்தின் தலைநகரம். மார்ச் மாதம் அப்பத்தா வாங்கிய பணம் உள்நாட்டுப் பணம். ஏப்ரலில் அதே கணக்குப்பிள்ளையிடம் அதே முகப்பில் வாங்கியது அயல்நாட்டுப் பணம். தாத்தா ஓர் அடிகூட நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. இன்று காரைக்குடி ஓட்டல்களில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் மாதம் பிறந்ததும் வீட்டுக்கு அனுப்புவதும் இதே செயல்தான். அதற்கு அயல் என்ற சொல் எப்படி ஒட்டும்? உள்நாட்டுப் பெயர்வுக்கும் வெளிநாட்டுப் பெயர்வுக்கும் பொதுவாக நிற்காத சொல் புவியியல் பட்டியலில் நிலைக்காது.

இதே 1937-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரெங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவு திறந்தது. பணம் எந்தத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த மூன்று ஊர்ப் பெயர்களே ஒரு வரைபடம். வகுப்பில் ‘இடங்களுக்கு இடையிலான ஓட்டம்’ என்ற கருத்தைத் தொடங்க நான் பயன்படுத்துவது இதைத்தான்.

தேவகோட்டை ஐயா ‘உண்டியலை’ விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘ஐந்தொகை’ என்ற வட்டிக்கடைச் சொல் இலங்கைப் பாடநூல்களில் முழுமையான கலைச்சொல்லாக ஏறிவிட்டது. நாமோ இங்கே ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்று நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறோம். வீட்டுப் புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வது வீண் என்று அவர் சொன்னதை நானும் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இங்கே பொருந்தவில்லை. உண்டியல் ஒரு கருவி. இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று ஒரு கடை இன்னொரு கடைக்கு எழுதும் சீட்டு அது. பார்த்தவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல். நாள் குறித்துத் தர வேண்டியது தவணை உண்டியல். அதைக் கொண்டு சரக்கு வாங்கலாம், கடன் தீர்க்கலாம், வீட்டுக்கும் பணம் தரச் சொல்லலாம். கருவியின் பெயரைச் செயலின் நோக்கத்துக்கு வைத்தால், காசோலையைச் சம்பளம் என்பதுபோல் ஆகிவிடும். அதோடு, இன்று தமிழ்நாட்டு மாணவருக்கு உண்டியல் என்றால் கோவில் உண்டியல். ஈழத்திலும் வளைகுடாவிலும் அது சட்டத்துக்கு வெளியே பணம் அனுப்பும் வழியின் பெயர். ஐயா மன்னிக்க வேண்டும்.

ஆனால் உண்டியலை ஆராயப் போய் எனக்கே ஒரு சங்கடம் வந்தது. அப்பத்தா வாங்கிய பணம் கடல் தாண்டி வரவே இல்லை. அங்கே தாத்தாவின் சம்பளக் கணக்கில் பற்று எழுதினார்கள். இங்கே பெட்டியில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு கடைகளும் பிறகு தங்களுக்குள் நேர் செய்துகொண்டன. நகர்ந்தது கணக்கு மட்டுமே. அப்படியானால் ‘அனுப்பு’ என்ற வேரே தவறில்லையா என்று சென்னை நண்பர் கேட்கக்கூடும். தவறில்லை என்றே நினைக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கைப்பேசியில் அனுப்பும் பணமும் நோட்டாகப் பறந்து வருவதில்லை. அனுப்புவது என்பது அனுப்புபவரின் கருத்தில் நிகழ்வது; எங்கள் தெருவில் இன்று அதை ‘பணம் போட்டுவிட்டான்’ என்கிறார்கள், அங்கும் எதையும் யாரும் எதிலும் போடவில்லை.

இனி ‘பணவனுப்பல்’. இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளில் ‘தொழிலாளர் பணவனுப்பல்கள்’ என்று நிலைபெற்றுவிட்ட சொல் இது. வங்கிப் பொருளுக்கு இதையே ஏற்றுக்கொள்வோம் என்பதுதான் என் பரிந்துரை. இதைத் தமிழ்நாட்டிலும் பரப்ப வேண்டும். புவியியலுக்கு மட்டும் இது ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கிறது. நீளம் என்றேன், ஏனெனில் கல்லூரிக் கட்டணமும் இதில் அடங்கிவிடுகிறது. குட்டை என்றேன், ஏனெனில் பணம் தவிர வேறெதையும் இது ஏற்காது. ஊருக்கு வந்தவை பணம் மட்டுமா? பர்மாத் தேக்கும், மங்குச் சாமான்களும், பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசியும் அனுப்பப்பட்டவைதானே. அவற்றோடு வந்த பழக்கங்களையும் எண்ணங்களையும் குறிக்க, சமூக ரெமிட்டன்ஸ் என்றே 1990-களில் சமூகவியலாளர்கள் ஒரு கருத்தை உருவாக்கியிருக்கிறார்கள். ‘சமூகப் பணவனுப்பல்’ என்று அதை மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘அனுப்புதொகை’க்கும் இதே குறை உண்டு. ஆனாலும் அது வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது என்று சென்னை நண்பர் வலியுறுத்தியது முழுக்கச் சரி. ‘அனுப்புத்தொகை’ என்று எழுதியவர்கள், என்னையும் சேர்த்து, திருத்திக்கொள்வோம்.

‘ஊரனுப்பு’ என்பது ஊருக்கு அனுப்புவது என விரியும். நான்காம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது. கரும்பு வேலி என்பதுபோல். தமிழில் ஊர் என்பது வெறும் குடியிருப்பு அன்று. சென்னையில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவரிடம் ‘உங்களுக்கு எந்த ஊர்’ என்று கேட்டால், அவர் கோட்டையூர் என்றோ பள்ளத்தூர் என்றோதான் சொல்வார். ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் எந்த ஊர் என்று விளக்க வேண்டியதில்லை. பெயர்ந்து போனவருக்கும் விட்டுவந்த இடத்துக்கும் உள்ள உறவு அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கருத்தின் மூன்று கூறுகளில் இரண்டை, அதாவது ஆள் வேறிடத்தில் இருக்கிறார் என்பதையும் போய்ச் சேருமிடம் அவருடைய வீடு என்பதையும், வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு சுருக்கமாகத் தாங்கவில்லை. பீகார் இளைஞர் பணம் அனுப்புவதையும் நம் ஆட்கள் ‘அவன் ஊருக்கு அனுப்புகிறான்’ என்றே சொல்வதைக் கவனியுங்கள்.

கோவை அம்மையார் முன்கூட்டியே ஓர் எதிர்ப்பை எழுதியிருந்தார்:

> ஊரனுப்பு என்று கேட்டவுடன் ஒருவனை ஊரைவிட்டு அனுப்புவது என்றல்லவா தோன்றுகிறது?

உண்மை, முதன்முறை கேட்கையில் அப்படியும் தோன்றலாம். முதல் முறை வரும் இடத்தில் ‘ஊரனுப்புத்தொகை’ என்று எழுதிவிட்டு, அடுத்து ‘ஊரனுப்பு’ என்று சுருக்கிக்கொண்டால் அந்த மயக்கம் நீங்கும். இங்கே ‘அனுப்பு’ முதனிலைத் தொழிற்பெயராக நிற்பதால் ‘ஊரனுப்புத்தொகை’யில் ஒற்று மிகும், சென்னை நண்பர் சினக்க வேண்டாம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் உரைகல், அதிலிருந்து மற்றச் சொற்கள் முளைக்கின்றனவா என்பது. ஊரனுப்புச் சார்பு, ஊரனுப்புப் பொருளாதாரம், பொருள் ஊரனுப்பு, சமூக ஊரனுப்பு, உள்நாட்டு ஊரனுப்பு என்று எல்லாமே வாயில் தடையின்றி வருகின்றன.

அவற்றுள் எனக்கு மிகவும் வேண்டியது ‘ஊரனுப்பு நிலத்தோற்றம்’. வெளியே ஈட்டிய பணம் ஊரின் உருவத்தையே மாற்றிவிடுவதைக் குறிக்கும் கருத்து இது. பாடநூல்கள் இதற்கு மெக்சிகோவின் சிற்றூர்களைக் காட்டுகின்றன. நாங்கள் வகுப்பறை சன்னலைத் திறந்தால் போதும். வற்றாத ஆறில்லாத வறண்ட நிலத்தில், ஊருணி நீரை நம்பிய ஊர்களில், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் நிற்கின்றன. தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் வெளியிலிருந்து வந்தன. கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சாந்து ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, வெயிலில் காயவைக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லோ இந்த மண்ணிலேயே தொழிலாக வேர்விட்டது. மையத்தின் வளர்ச்சி விளிம்புக்குப் பரவுவதையும் விளிம்பின் வளத்தை மையம் உறிஞ்சுவதையும் 1957-இல் பொருளியலாளர் குன்னர் மிர்தால் பிரித்துக் காட்டினார். ‘பரவு விளைவு’, ‘உறிஞ்சு விளைவு’ என்று இப்பட்டியலிலேயே வைத்திருக்கிறோம். ஆத்தங்குடிக் கல்லைப் பரவலுக்கு நெருங்கிய சான்றாகக் கொள்ளலாம்.

இங்கேயும் சோடிச் சொற்களைக் கலந்துவிடக் கூடாது. பெரிய வீடுகளைக் கட்டியது பெரும்பாலும் ஆதாய மீள்வரவு. சமையல்காரரும் கூலியாளும் அனுப்பியது ஓட்டு வீடாகவும், கலியாணச் செலவாகவும், பிள்ளைகளின் படிப்பாகவும் ஆயிற்று. ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, மற்றொன்று தெரியவில்லை. கானாடுகாத்தானுக்கு வரும் பயணிகள் படமெடுப்பது முதலாவதைத்தான். 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதும் அதுதான். எனவே ‘ஊரனுப்பு நிலத்தோற்றம்’ என்ற சொல்லைச் செட்டிநாட்டுக்கு அப்படியே பொருத்துவது சரியா என்று யாராவது கேட்டால், பாதிதான் சரி என்பதே என் பதில். கருத்தை முதன்முதலில் காட்டுவதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. வரையறைக்கு இன்றைய சிங்கப்பூர், வளைகுடாப் பணத்தில் எழும்பும் மாடி வீடுகள்தாம் பொருத்தமானவை.

சார்பு என்ற கருத்தையும் இந்த மண்ணே கற்பிக்கிறது. 1930-இல் நெல் விலை விழுந்தபோது கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கொடுக்க முடியாமல், ஈடு வைத்த வயல்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்களிடம் இருந்தது நிலத்தில் 6 விழுக்காடு. 1937-இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. எண்ணைப் பார்த்தால் வளர்ச்சி போலத் தோன்றும். உண்மையில் அது பணம் நிலமாக உறைந்துபோன கதை. உறைந்த பணத்தை ஊருக்கு அனுப்ப முடியாது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது மக்களில் பலர் காடும் மலையுமாக நடந்தே திரும்பினார்கள். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத் தேசியமயச் சட்டத்தை இயற்றியது. பெரிய வீட்டு வரவு நின்ற அன்றே அப்பத்தாவின் சிறு தொகையும் நின்றது. தாத்தா திரும்பி வந்து, கலியாண வீடுகளில் சமைக்கப் போனார். இன்று அந்தப் பெரிய வீட்டில் பங்காளிகள் எத்தனை பேர் என்று அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. அதுபோன்ற சில வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைச்சீட்டோடு சாய்ந்திருக்கின்றன.

என் முன்மொழிவுக்கு எதிராக நானே ஒரு சான்று தந்துவிடுகிறேன். அப்பத்தா ஒருநாளும் ‘ஊருக்கு அனுப்பிய பணம்’ என்று சொன்னதில்லை. அவருக்கு அது ‘ரெங்கோன் காசு’. பக்கத்து வீட்டில் வந்தது ‘மலேயாக் காசு’. இப்போது ‘சிங்கப்பூர்க் காசு’. பெறுகிறவர்கள் பணத்துக்கு அது புறப்பட்ட இடத்தின் பெயரையே வைக்கிறார்கள். ‘ஊரனுப்பு’ அனுப்புகிறவரின் வாயிலிருந்து வரும் சொல். இது குறைதான். ஆனால் புறப்படும் இடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறும், சேரும் இடம் எல்லாருக்கும் ஊர்தான் என்பதால், பொதுச்சொல்லுக்குச் சேரும் இடத்தைக் கொள்வதைத் தவிர வழியில்லை. ‘ரெங்கோன் காசு’ போன்ற வழக்குகளை விளக்கக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

யாரும் மறுக்காவிட்டால் பட்டியலில் கீழ்க்கண்டவாறு பதிவுசெய்கிறேன். வங்கியியலில் பொதுப்பொருளுக்குப் பணவனுப்பல். புவியியலிலும் வளர்ச்சிப் பொருளியலிலும், பெயர்ந்து வாழ்பவர் தம் குடும்பத்துக்கு அனுப்பும் பணத்துக்கும் பொருளுக்கும் ஊரனுப்பு. வெளியிலுள்ள தொழிலின் இலாபம் உரிமையாளரிடம் வந்து சேர்வதற்கு ஆதாய மீள்வரவு. யாழ்ப்பாணத்து நண்பரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பக்கத்தில் கனடாவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வரும் பணத்தைப் பெறுகிறவர்கள் வீட்டுப் பேச்சில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அங்கும் ‘கனடாக் காசு’ என்றே வழக்கு இருக்குமானால், விளக்கக் குறிப்பில் அதையும் ‘ரெங்கோன் காசு’க்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவேன்.